உடைந்த பாறை எப்படி மலையாக எழுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பாறை பிளந்தால் பலவீனமாகத்தானே ஆகும்? பிளவு எப்படி மலையை எழுப்பும்? இமயமலை மடிப்பு மலை என்றுதான் பள்ளியில் படித்தோம். அதில் பிளவுகளுக்கு என்ன வேலை? நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இப்படி உருவானதுதானா?"

இதில் நடுக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். 'இமயமலை ஒரு மடிப்பு மலை' என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரியைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சொல்லாமல் விட்டதுதான் பெரிது. இமயமலையை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்தவை அதன் அடியில் ஓடும் பிளவுகள். மடிப்புகளில் பலவும் அந்தப் பிளவுகளின் மேல் பாறை ஏறிச் சென்றதால் விழுந்தவை.

முதலில் பலவீனத்தைப் பார்த்துவிடலாம். விரிசல் இல்லாத பாறை எங்கும் கிடையாது. கல்குவாரியில் வேலை செய்பவர்கள் ஆப்பு அடிப்பதற்கு முன் விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அது வெறும் விரிசல். இரண்டு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறியிருந்தால்தான் நிலவியலாளர்கள் அதைப் பிளவு என்கிறார்கள். கையளவுப் பிளவும் உண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பிளவும் உண்டு. ஒருமுறை நகர்ந்த இடம் மறுபடி நகர்வது எளிது. புவித்தட்டுகளின் அழுத்தம் பல லட்சம் ஆண்டுகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்போது, அது ஒவ்வொரு முறையும் உறுதியான பாறையைத் தேடிப்போய் உடைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பிளவையே திரும்பத் திரும்ப நகர்த்துகிறது. ஆகவே கேள்வியில் குறையாகச் சொல்லப்பட்ட அந்தப் பலவீனம்தான் மலை எழுவதற்கு வழி செய்கிறது. நகர்வு முழுவதும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் அது மலையளவு பெருகுகிறது.

பிளவு பெரும்பாலும் செங்குத்தாக இருக்காது, சாய்ந்திருக்கும். அதனால் ஒரு பக்கத்துப் பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்து படுத்திருக்கும். இரண்டு பக்கமிருந்தும் நிலம் நெருக்கப்பட்டால் மேலே படுத்திருக்கும் பாறை அந்தச் சரிவில் ஏறும். நிலம் இழுபட்டால் அதே பாறை சரிவில் இறங்கும். பக்கவாட்டில் உரசினால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. இவற்றை நான் ஏற்றப் பிளவு, இறக்கப் பிளவு, பக்கவாட்டுப் பிளவு என்றே குறிப்பிடுகிறேன். புத்தகத்துக்குப் புத்தகம் பெயர்கள் மாறுகின்றன.

ஏற்றப் பிளவு நிலத்தைத் தூக்கியதை மனிதர்கள் நேரில் கண்ட நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1819 ஜூன் 16 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சிந்து நதியின் கிளை ஒன்றின் கரையில் இருந்த சிந்த்ரி கோட்டையும் அதைச் சுற்றிய நிலமும் அமிழ்ந்தன. கடல் நீர் உள்ளே புகுந்தது. கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, சமதரையாக இருந்த இடத்தில் ஒரு நீண்ட மேடு எழுந்து நின்றது. நீளம் 80 கிலோமீட்டருக்கு மேல். உயரம் சில இடங்களில் 6 மீட்டர் வரை. ஆற்றுக்குக் குறுக்கே மனிதர் கட்டிய அணைகளைப் பார்த்துப் பழகிய மக்கள், இது இறைவன் கட்டிய கரை என்று 'அல்லா பந்த்' என அழைத்தார்கள். அடியில் வடக்கு நோக்கிச் சாய்ந்த பிளவின் மேல் வடபுறப் பாறை சில மீட்டர் ஏறியதுதான் காரணம். 1826இல் ஆற்றில் பெருவெள்ளம் வந்து அந்த மேட்டை வெட்டிக்கொண்டு பாய்ந்தது. பிளவு உயர்த்துகிறது, ஆறு வெட்டுகிறது என்ற இந்தப் போட்டி எல்லா மலைகளிலும் ஓயாமல் நடக்கிறது; கட்சில் அது 7 ஆண்டுகளுக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

6 மீட்டர் மேட்டை மலை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குச் சராசரி ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் பத்து லட்சம் ஆண்டில் ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரும் ஆண்டுதோறும் வருவதில்லை. பிளவு பூட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். சுற்றியுள்ள பாறை அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து இறுக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும். தாங்க முடியாத கட்டத்தில் சில நொடிகளில் சில மீட்டர் பாய்ந்துவிடும். 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, வேலிகளும் சாலைகளும் பல மீட்டர் விலகி நின்றதையும் அதற்கு முந்தைய நில அளவைகளையும் ஒப்பிட்டு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த விளக்கத்தைத் தந்தார். மலை வளர்வதும் நிலநடுக்கமும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சிதான். மலையைப் பார்த்து வியக்கிற நாம் நிலநடுக்கத்தைத் தனியான ஒரு சாபம்போல நினைக்கிறோம். பாறைக்கு அந்த வேறுபாடு கிடையாது.

நிலம் இழுபடும் இடங்களில் மலை வேறு விதமாகப் பிறக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1983 அக்டோபர் 28 காலையில், போரா சிகரத்தின் அடிவாரத்தில் 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு நிலம் பிளந்து படிபோல் விலகியது. வேட்டைக்கு வந்திருந்த ஒரு தம்பதியின் கண்ணெதிரிலேயே அந்தப் படி உருவானது. நில அளவை செய்து பார்த்தபோது தெரிந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: சிகரம் ஏறியது கொஞ்சம்தான், பள்ளத்தாக்கு இறங்கியதே பல மடங்கு அதிகம். மலையின் உயரத்தில் பெரும்பங்கு, பக்கத்து நிலம் தாழ்ந்ததால் கிடைத்தது.

வயோமிங் மாநிலத்தின் டீட்டன் மலைத்தொடர் இதே வேலையின் முதிர்ந்த வடிவம். கிழக்கிலிருந்து பார்ப்பவர்களை அது திகைக்க வைக்கிறது. அடிவாரக் குன்றுகளே இல்லை. தட்டையான பள்ளத்தாக்கு முடிந்த இடத்தில் மலை சுவர்போல் தொடங்கி, 2,000 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கிறது. மேற்குப் பக்கமோ மெதுவாகச் சரிகிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சரிவு என்ற இந்த வடிவத்தைக் கண்டால், சுவரின் அடியில் இறக்கப் பிளவு இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். அங்கே மொரான் சிகரத்தின் உச்சியில், சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்கல் ஒரு சிறு தொப்பியளவு மிஞ்சியிருக்கிறது. அதே மணற்கல் அடுக்கு எதிரே பள்ளத்தாக்கின் தரைக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் ஒரே தளமாக இருந்த அடுக்கு இப்போது மேலும் கீழுமாக ஏறக்குறைய 9 கிலோமீட்டர் விலகியிருக்கிறது. இவ்வளவும் ஒரு கோடி ஆண்டுகளுக்குள் நடந்தது. பூமியின் வயதோடு ஒப்பிட்டால் இந்த மலை நேற்றுப் பிறந்தது. அதன் பாறைகளோ மிகப் பழையவை. மலையின் வயதையும் அதில் இருக்கும் பாறையின் வயதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இனி மடிப்பா பிளவா என்ற கேள்வி. இதே கேள்வி 19ஆம் நூற்றாண்டில் ஸ்விட்சர்லாந்தில் பெரிய சர்ச்சையாக நடந்தது. கிளாரஸ் பகுதியின் மலைமுகங்களில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது. எல்ம் கிராமத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். கோட்டுக்கு மேலே 25 முதல் 30 கோடி ஆண்டு வயதுள்ள பாறை, கீழே 3.5 முதல் 5 கோடி ஆண்டு வயதே உள்ள பாறை. படிவுப் பாறை அடுக்கடுக்காக விழுவது, அதனால் பழையது கீழேதான் இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. பழைய பாறை பெரும் பரப்பில் புதியதன் மேல் ஏறி வந்திருக்குமோ என்ற எண்ணம் ஸ்விஸ் நிலவியலாளர் அர்னால்ட் எஷருக்கு வந்தது. ஆனால் அவ்வளவு பெரிய நகர்வை நம்பத் தயங்கி, இரண்டு பெரிய மடிப்புகள் எதிரெதிராகக் கவிழ்ந்ததால் அடுக்கு தலைகீழானது என்று விளக்கினார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைம் அந்த இரட்டை மடிப்பை மிக நுணுக்கமான படங்களோடு நிலைநிறுத்தினார். 1884இல் பிரான்ஸைச் சேர்ந்த மார்செல் பெர்த்ரான், மடிப்புகள் தேவையில்லை, ஒரே ஏற்றப் பிளவு போதும், தெற்கிலிருந்து வடக்கே ஒரு பாறைப் பலகை முழுசாக ஏறி வந்தது என்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஹைமும் அதை ஏற்றுக்கொண்டார். தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வரைந்த விளக்கத்தைக் கைவிட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தப் பலகை நகர்ந்த தூரம் 35 கிலோமீட்டருக்கும் மேல். 2008இல் யுனெஸ்கோ அந்த மலைப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு அந்தக் கோடுதான் காரணம்.

அப்போதும் ஒரு சிக்கல் தீரவில்லை. பல கிலோமீட்டர் தடிமனும் பல பத்து கிலோமீட்டர் நீளமும் கொண்ட பாறைப் பலகையைப் பின்னாலிருந்து தள்ளினால், உராய்வைத் தாண்டி அது நகர்வதற்கு முன் தள்ளப்படும் இடத்திலேயே நொறுங்கிவிட வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. 1959இல் அமெரிக்க நிலவியலாளர்கள் கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி இருவரும் இதற்கு விடை தந்தார்கள். பாறையின் நுண்துளைகளில் சிக்கிய நீர் மேலே இருக்கும் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அப்போது உராய்வு மிகவும் குறையும். பலகை நொறுங்காமல் வழுக்கும். இதை விளக்க அவர்கள் காலியான பீர் டப்பா ஒன்றைக் குளிரவைத்து, திறந்த வாயைக் கீழே வைத்து, ஈரமான கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தினார்கள். தகட்டுக்குச் சுமார் ஒரு டிகிரி சாய்வுதான். உள்ளே இருந்த காற்று சூடேறி விரிந்து டப்பாவைச் சற்றே தாங்கியதும், அது தானாகவே வழுக்கிப் போனது. மலைகளின் நகர்வைப் புரியவைக்க இதைவிட எளிய சோதனையை நான் பார்த்ததில்லை.

பாறைப் பலகை ஏறி வருவதையும் நீர் அதை வழுக்க வைப்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இமயமலைக்கு வருவோம். பத்ரிநாத் யாத்திரை போனவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால் அந்தச் சாலையையே எடுத்துக்கொள்கிறேன். ஹரித்வாரில் தொடங்கிப் பத்ரிநாத் வரை போகும்போது இமயமலையின் மூன்று பெரிய பிளவுகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறீர்கள். எந்தப் பெயர்ப்பலகையும் அவற்றைக் காட்டாது, ஆனால் பாறை காட்டும்.

ஹரித்வாரில் சமவெளி முடிந்து சிவாலிக் குன்றுகள் தொடங்கும் விளிம்பில் முதல் ஏற்றப் பிளவு. மூன்றிலும் இதுதான் இளையது. சிவாலிக் என்பது மணற்கல்லும் கூழாங்கற்களும் கலந்த பாறை. உயர்ந்துகொண்டிருந்த இமயமலையிலிருந்து பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவைதான் கெட்டிப்பட்டு, பின் பிளவில் சிக்கித் தாமும் மேலேறின. மலையின் குப்பையே மலையாகிவிட்டது. இந்தக் குன்றுகளில்தான் மடிப்பு எப்படி விழுகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். சஹாரன்பூரிலிருந்து டேராடூன் போகும் சாலையில் மோஹண்ட் என்ற இடத்தில் மணற்கல் அடுக்குகள் வடக்கே சாய்ந்து வரிசையாக நிற்கும். அடியில் பிளவு தட்டையாக வந்து, ஓரிடத்தில் சரிவாக மேலே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஏறும் அடுக்குகள் வளைந்தே ஆக வேண்டும். அந்த வளைவுதான் மேலே மடிப்பாகத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் பார்த்த மடிப்புப் படத்தின் அடியில் ஒரு பிளவையும் வரைந்துகொண்டால் படம் முழுமையாகும்.

ரிஷிகேஷைத் தாண்டி மலைக்குள் நுழையும் பகுதியில் இரண்டாவது பிளவு, சிவாலிக்கை அதற்கு அடுத்த வரிசையான சிறு இமயமலையிலிருந்து பிரிப்பது. இது ஓடும் இடங்களில் சாலை நிற்பதே கடினம். பாறை நொறுங்கிக் கிடக்கும், மழைக்காலத்தில் சரியும். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேரும் இடத்தில் பாறைகள் ஏடு ஏடாகப் பிரிவதைப் படித்துறையில் நின்றே பார்க்கலாம். அங்கிருந்து ஸ்ரீநகர், ருத்ரபிரயாகை, சமோலி வரை பள்ளத்தாக்கு அகலமாகவும் குறுகலாகவும் மாறிமாறிப் போகும்.

ஹேலங் என்ற சிற்றூரை நெருங்கும்போது எல்லாமே மாறுகிறது. பள்ளத்தாக்கு இறுகுகிறது, ஆறு படியிறங்கியபடி இரைகிறது, மலைமுகம் செங்குத்தாகிறது. மூன்றாவது பெரிய பிளவின் பகுதி இது. வயதில் இதுவே மூத்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் முழுவேகத்தில் இயங்கியது. இதன் மேல் ஏறி வந்த பாறை நூறு கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. இதற்கு அப்பால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும் நைஸ் பாறை. அதில் சிவந்த கார்னெட் மணிகளும் நீலச் சாயல் கொண்ட கயனைட் பட்டைகளும் பதிந்திருக்கும். கயனைட் மேற்பரப்பில் உருவாகும் கனிமம் அல்ல. இங்கே இருக்கும் பாறைகள் 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வெந்தவை. அவை இப்போது, அவ்வளவு வெப்பத்தைக் காணாத பாறைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. ஆழம் போகப்போகத்தான் சூடு அதிகமாகும். இங்கே மேலே போகப்போக அதிகம் வெந்த பாறை கிடைக்கிறது. டார்ஜிலிங் பகுதியில் இந்தத் தலைகீழ் வரிசையை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துக் குறித்திருக்கிறார்கள். பிளவு ஆழத்துப் பாறையை வாரிக்கொண்டு மேலே வந்தது என்பதைத் தவிர்த்துவிட்டு இதை விளக்குவது கடினம்.

பிளவுப் பாறையைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மேற்பரப்புக்கு அருகில் நகர்ந்த பிளவில் கூர்மையான சில்லுகளும், விரலில் தேய்த்தால் களிம்புபோல் ஒட்டும் அரைபட்ட பாறைமாவும் இருக்கும். சில இடங்களில் உரசிய முகம் மெருகேற்றியதுபோல் பளபளக்கும். அதில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்தக் கோடுகளின் மேல் கையை வைத்துத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். வழவழப்பான திசையில்தான் காணாமல்போன எதிர்ப்பக்கப் பாறை நகர்ந்தது என்பது களத்தில் முதலில் சொல்லித்தரும் பாடம். வேறு சான்றுகளோடு சரிபார்க்க வேண்டும் என்பதும் கூடவே வரும். ஆழத்தில் நகர்ந்த பிளவு வேறு மாதிரி. 10, 15 கிலோமீட்டருக்குக் கீழே பாறை நொறுங்காது. சூட்டில் இளகி இழுபடும். குவார்ட்ஸ் நாடாவாக நீண்டுவிடும்; அதைவிட உறுதியான ஃபெல்ட்ஸ்பார் மணிகள் மட்டும் இழுபடாமல் கண்விழி வடிவில் நின்றுவிடும். ஹேலங் பக்கத்துப் பாறைகளில் இந்தக் கண்கள் உண்டு. அவற்றின் வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதிலிருந்து, மேலே இருந்த பாறை தெற்கு நோக்கி ஏறியது என்று படித்துவிடலாம். ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லாத கனிம மணி, நூறு கிலோமீட்டர் நகர்வின் திசையைச் சொல்கிறது.

இந்தப் பகுதியில் எரிமலை கிடையாது. ஆனால் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. ஜோஷிமட்டுக்கு அருகே தபோவனத்தில், யமுனோத்ரியில், ஹிமாசலத்தின் மணிகரணில். மழைநீர் பாறை விரிசல்களில் ஆழமாக இறங்கிச் சூடேறி, நொறுங்கிய பாறைகளின் வழியே திரும்பி வருகிறது. ஆழத்துப் பாறை வேகமாக மேலே வந்துகொண்டிருப்பதால் அங்கே சூடும் மேற்பரப்புக்கு நெருக்கமாக இருக்கிறது. இந்த நொறுங்கிய பகுதிகளை மதிக்காமல் தோண்டினால் என்ன ஆகும் என்பதையும் அதே வட்டாரம் காட்டியது. 2009 டிசம்பரில் ஜோஷிமட் அருகே மலைக்குள் சுரங்கம் குடைந்துகொண்டிருந்த இயந்திரம் உடைந்த பாறைப் பகுதியில் சிக்கிக்கொள்ள, உள்ளிருந்த நிலத்தடி நீர் பெரும் அளவில் பீறிட்டு வெளியேறியது.

மூன்று பிளவுகளையும் தனித்தனியாகச் சொன்னேன். ஆழத்தில் அவை தனித்தனி அல்ல. எல்லாம் கீழே ஒரே பெரிய சறுக்குத் தளத்தில் போய்ச் சேர்கின்றன. அந்தத் தளத்தின் மேல்தான் இமயமலை முழுவதும் இருக்கிறது. கீழே இந்தியத் தட்டு வடக்கே நுழைந்துகொண்டிருக்கிறது. ஜேசிபி மண்ணைத் தள்ளும்போது முன்னால் குவியும் மண்ணைப் பாருங்கள். ஓரளவு உயர்ந்ததும் குவியல் அதற்குமேல் உயராது. அதன் முன்விளிம்பில் புதிதாக ஒரு சறுக்கல் உண்டாகி, இன்னும் கொஞ்சம் மண் குவியலோடு சேரும். இமயமலையிலும் பிளவுகள் அப்படி வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. ஹேலங்கில் மூத்தது, ஹரித்வாரில் இளையது என்ற வரிசை அதனால்தான்.

அந்தச் சறுக்குத் தளம் இன்றும் வேலை செய்கிறது. இமயமலைக்குக் குறுக்கே நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சுருங்குகிறது; செயற்கைக்கோள் அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் அந்தத் தளத்தின் ஒரு பகுதி பாய்ந்தது. ரிக்டர் அளவு என்று செய்தித்தாள்கள் சொல்லும் எண்ணில் 7.8, உயிரிழந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. வடக்கே இருந்த உயர்ந்த சிகரங்களோ அரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன! பலருக்கு இது முரணாகப்பட்டது. பிளவு பூட்டிக் கிடக்கும் காலத்தில் உயர்ந்த மலைப்பகுதி நெருக்குண்டு மெதுவாகப் புடைக்கிறது. பிளவு விடுபட்டதும் முன்பகுதி தெற்கே பாய்ந்து ஏறுகிறது. பின்பகுதியின் நெருக்கம் தளர்ந்து சற்று இறங்குகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் உயர்வே மிஞ்சுகிறது, ஏனென்றால் உயர்ந்த இமயமலைக்கு அடியில் சறுக்குத் தளம் முன்னைவிட அதிகமாகச் சாயும் ஒரு சரிவு இருக்கிறது. அதன் மேல் ஏறும் பாறை திரும்பி வருவதில்லை. 1991இல் உத்தரகாசியையும் 1999இல் சமோலியையும் உலுக்கியவை அந்தச் சரிவை ஒட்டி நிகழ்ந்தவைதான்.

இமயமலையில் ஏற்றப் பிளவுகள் மட்டும்தானா என்றால், இல்லை. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். அதில் கடல் உயிர்களின் எச்சங்கள் உண்டு. இது பலருக்கும் தெரிந்த செய்தி. பலரும் அறியாதது, அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதன் கீழே மஞ்சள் பட்டையாகத் தெரியும் பளிங்குப் பாறைக்கும் நடுவே ஒரு இறக்கப் பிளவு ஓடுகிறது என்பது. வடக்காக மிக லேசாகச் சாய்ந்த அந்தப் பிளவில், மேலே இருந்த பாறை திபெத் பக்கமாக வழுக்கி இறங்கியது. அடியில் நெருக்கம், உச்சியில் சறுக்கல். 8,848.86 மீட்டர் உயரத்தில் மனிதர் கால் வைக்கும் பாறை, அந்த இறங்கும் பிளவின் மேல் பக்கத்தில் மிஞ்சிய துண்டு. ஆழத்துப் பாறை இரண்டு பிளவுகளுக்கு நடுவே தெற்கே பிதுங்கி வந்ததன் அடையாளமாக இதைப் பல நிலவியலாளர்கள் பார்க்கிறார்கள்.

பக்கவாட்டுப் பிளவு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒரே ஒரு உதாரணம் போதும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஆல்பைன் பிளவு இரண்டு பக்கப் பாறைகளையும் 480 கிலோமீட்டர் விலக்கியிருக்கிறது. ஒரே வகைப் பாறை தீவின் வடமுனையிலும் தென்முனையிலும் கிடப்பதை 1940களில் ஹரோல்ட் வெல்மன் கண்டுகொண்டார். அந்தப் பிளவு முழுக்கப் பக்கவாட்டில் ஓடவில்லை. கொஞ்சம் நெருக்கமும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கொஞ்சமே தெற்கு ஆல்ப்ஸ் மலையை எழுப்பியது. கடந்த 1.2 கோடி ஆண்டுகளில் அங்கே பாறை சுமார் 20 கிலோமீட்டர் மேலேறியிருக்கிறது. ஆனால் மிக உயர்ந்த சிகரமான அவோராகி 3,724 மீட்டர்தான். மீதி எல்லாம் மழையும் பனியாறும் அரித்துக் கடலில் சேர்த்தாயிற்று. உலகின் எந்த மலையைப் பார்த்தாலும், அது எவ்வளவு எழுந்தது என்பதும் எவ்வளவு மிஞ்சியது என்பதும் இரண்டு வேறு கணக்குகள்.

கடைசியாக மேற்குத் தொடர்ச்சி மலை. அது இமயமலையைப் போல் தட்டுகள் மோதி எழுந்தது அல்ல. இந்தியா மடகாஸ்கரிலிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பின்னர் செஷல்ஸிலிருந்தும் பிரிந்தபோது, மேற்கு விளிம்பு இழுபட்டு, கடல் பக்கம் இறக்கப் பிளவுகளில் தாழ்ந்தது. உயர்ந்து நின்ற விளிம்பை அரபிக் கடல் மழை அரித்து அரித்துக் கிழக்கே பின்வாங்க வைத்தது. ஆகவே இன்று பாலக்காட்டுப் பக்கத்தில் நாம் பார்க்கும் மலைச்சுவர், பிளவு தொடங்கிவைத்து மழை செதுக்கிய விளிம்பு. சுவரின் அடியிலேயே டீட்டனில் இருப்பதுபோன்ற பிளவைத் தேடினால் கிடைக்காது.

பழைய பிளவுகள் நம்மிடம் நிறையவே உண்டு. நீலகிரியின் சார்னோக்கைட் என்னும், ஆழத்தில் வெந்து உருவான பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. அந்த மலையின் வடக்கே மாயாறு, தெற்கே பவானி ஆகிய இரண்டு ஆறுகளும் மிகப் பழைய இழுபட்ட பாறைப் பட்டைகளை ஒட்டி ஓடிப் பவானிசாகரில் சேர்கின்றன. கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு நேர்கோட்டில் கிடப்பது தெரியும். ஆறு தன் போக்கில் அப்படி நேராக ஓடாது. இன்னும் தெற்கே பாலக்காட்டுக் கணவாய், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. இந்தியாவும் மற்ற தென் கண்டங்களும் இணைந்திருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்தில் பெரிதாக நகர்ந்த பட்டைக்குள் அது இருக்கிறது. கணவாயைத் திறந்தது பிளவா, ஆற்றின் அரிப்பா, இரண்டும் சேர்ந்தா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. என் எண்ணம், நொறுங்கிய பட்டை இல்லாமல் ஆறு மட்டும் அந்த அகலத்தை வெட்டியிருக்க முடியாது என்பது. அந்தப் பட்டை அடியோடு உறங்கிவிட்டதாகவும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டின் உட்பகுதியில் பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அது ஒன்று. நடந்தது அந்தக் கணவாயை ஒட்டித்தான்.